தறிக்கூடத்திலிருந்து நகர மன்றத்திற்கு
(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர்)

சென்னை நகரின் வடபகுதியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து திருவொற்றியூரை நோக்கிச் செல்லும் மெட்ரோ இருப்புப்பாதை 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் திறக்கப்பட்டது. வண்ணாரப்பேட்டையை அடுத்த நிலையத்திற்குச் சர் தியாகராயா கல்லூரியின் பெயர் வழங்குகிறது. அதற்கு அடுத்தது தண்டையார்பேட்டை. மேலும் வடக்கே சென்றால் காலடிப்பேட்டை என்னும் நிலையம் வருகிறது. நாள்தோறும் பல்லாயிரம் மக்கள் இப்பெயர்களைக் கேட்டுக்கொண்டே ஏறி இறங்குகின்றனர். இப்பெயர்களுள் பல ஏதோ ஒரு வகையில் துணியோடு தொடர்புடையவை என்பதை அவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனரோ அறியோம். நெசவாளர் சங்க அங்கத்தினர்களாகிய நாம் எண்ணிப் பார்த்தல் கடமையாகும்.

தறி வைத்துத் தொழில் நடத்திய ஒருவர், சென்னை மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவராக அமர்ந்தார். அவரே சர் பிட்டி தியாகராய செட்டியார். அவரை அரசியல் தலைவர் என்ற முறையில் பலர் அறிவர். நெசவுத் தொழிலதிபர் என்ற முறையில் அறிந்தோர் சிலரே. அவர் ஏற்றுக்கொண்ட பதவி எது, வேண்டாமென்று விட்ட பதவி எது, ஏற்ற பதவியில் இருந்துகொண்டு ஓரணாவை அவர் தலைமையில் மன்றம் எவ்வாறு செலவிட்டது என்பவற்றை ஆராய்ந்தால், சங்கம் நடத்தும் நமக்குப் பயன்படும் செய்திகள் பல கிடைக்கும்.

துணியால் எழுந்த நகரம்

1639-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் இக்கரையில் இடம் பெற்றதற்குத் தலையாய காரணம் துணியே. இயற்கைத் துறைமுகம் இல்லை. பெரிய ஆறும் இல்லை. ஆயினும் சுற்றுப்புறத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது. அத்துணியை வெளுத்துக் கப்பலேற்றுவதற்கு வண்ணார்கள் தேவைப்பட்டனர். அவர்கள் குடியிருந்த பேட்டையே வண்ணாரப்பேட்டை ஆயிற்று.

பின்னர் நெசவாளர்களையே கோட்டைக்கு அருகில் குடியேற்றக் கம்பெனியார் முயன்றனர். 1717 முதல் 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் திருவொற்றியூரை ஒட்டி நெசவாளர்களுக்காக ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். காலெட்பேட்டை என்பது மக்கள் வாயில் காலடிப்பேட்டை என மருவியது. 1734-ஆம் ஆண்டில் கூவம் ஆற்றின் வளைவில் மற்றொரு நெசவாளர் குடியிருப்பு எழுந்தது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்று கூறுவர். தண்டையார்பேட்டையோ, தொண்டியிலிருந்து வந்து அங்குத் தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களால் தொண்டியார்பேட்டை எனப் பெயர் பெற்றது என்பது வழக்கு. இவ்வாறு வெளுப்போரும் நெய்வோரும் ஞானியரும் கூடி வாழ்ந்த நிலப்பகுதி இது.

சென்னைக் கைக்குட்டை என்ற பெயரில் கட்டம் போட்ட வண்ணத் துணி இக்கரையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்கா வரை சென்றது. நூலுக்குச் சாயமேற்றி, கட்டம் பிசகாமல் நெய்து, மடித்துக் கட்டிக் கப்பலுக்கு அனுப்பும் இத்தொழிலில் நெய்பவன் ஒருவன், வாங்குபவன் ஒருவன், இடையில் முதல் போடுபவன் ஒருவன். நூல் கொடுத்துத் துணி வாங்கும் அம்முதலாளியே தொழிலின் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்தார். பின்னாளில் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றியதற்குக் காரணமான நிலைமை இதுவேயாகும்.

பிறப்பும் தொழிலும்

தியாகராயர் 1852-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் பிறந்தார். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட தேவாங்கர் குலம் அவருடையது. நெசவே அக்குலத்தின் தொழில் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. செல்வக் குடும்பத்தில் பிறந்தவராதலின் கல்விக்குத் தடையிருக்கவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்றவர்களுக்குச் சர்க்கார் உத்தியோகம் அல்லது வக்கீல் தொழில் என்ற இரண்டு வழிகளே கண்ணில் படும். இவர் அவ்விரண்டையும் நாடாமல் தொழிலையும் வாணிகத்தையும் பற்றி நின்றார்.

பிட்டி நெசவாலை என்ற பெயரில் ஏறத்தாழ நூறு கைத்தறிகள் கொண்ட தறிக்கூடம் ஒன்றை அவர் நடத்தினார். கைத்தறியில் விசை நாடாவை முதலில் கையாண்ட தொழிலதிபர்களுள் அவரும் ஒருவர். மின்விசையால் ஓடும் விசைத்தறியோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இது கைத்தறியே, நாடா ஓடும் முறை ஒன்றுதான் வேறு.

1909-ஆம் ஆண்டில் இந்திய வணிகர்கள் தமக்கெனத் தென்னிந்திய வர்த்தகச் சங்கத்தை நிறுவியபோது, அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகவும், பின்னர்ப் பல ஆண்டுகள் அதன் தலைவராகவும் விளங்கினார். அந்நாள் வரை வெள்ளை வணிகர்களின் சங்கமே கவர்னரின் காதில் விழும் குரலாக இருந்தது. தனித்தனியே பேசினால் கேளாத காது, கூடிப் பேசினால் கேட்கும் என்பதை வணிகர்கள் உணர்ந்த காலம் அது.

நாடா கற்பித்த பாடம்

விசை நாடாவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் பொருத்தமாகும். பழைய முறையில் நெசவாளி ஒரு கையால் நாடாவை எறிந்து மறுகையால் பிடிக்க வேண்டும். பிடித்தபின் அச்சை இழுத்து ஊடையை நெருக்க வேண்டும். துணியின் அகலம் கையின் நீளத்திற்கு உட்பட்டது. இங்கிலாந்தில் ஜான் கே என்பவர் 1733-ஆம் ஆண்டில் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். அச்சுப் பலகையின் இரு முனைகளிலும் பெட்டிகள் வைத்து, இடையே தொங்கும் கயிற்றை ஒரு கையால் இழுத்தால் நாடா தானே ஓடும்படி செய்தார். மறுகை அச்சிலேயே இருக்கும். இதனால் சாதாரண ரகங்களில் வேலை ஏறத்தாழ இருமடங்காகும்.

இவ்வளவு பயனுடைய கருவி நம் நாட்டில் பரவ ஏன் நெடுங்காலமாயிற்று? நெசவாளி பழமையில் ஊறியவன், புதியதை வெறுப்பவன் என்று அந்நாளில் எளிதாகச் சொல்லிவிட்டனர். உண்மை அதுவன்று. நெசவாளி கணக்குத் தெரிந்தவன். நாடா விரைந்து ஓடினால் நயமான பாவில் இழை அறுபடும். புதிய அச்சுப் பலகைக்குப் பணம் வேண்டும். எல்லாவற்றிலும் மேலாக, இருமடங்கு நெய்ய இருமடங்கு நூல் வேண்டும். நூலுக்கு முதல் எங்கிருந்து வரும்? நூல் கொடுக்கும் முதலாளியிடம் கடன் இருமடங்காகும். நெய்த துணியும் இருமடங்காகக் குவிந்து, வாங்குவோர் அதே அளவினராக இருந்தால் விலை விழும். விலை விழுந்தால் கூலி குறையும். கருவியின் பயன் நெய்பவன் கையில் நிற்காமல் வேறொருவர் பெட்டிக்குப் போய்ச் சேரும். இந்த ஐயமே நெசவாளியின் கையைப் பிடித்து நிறுத்தியது.

சர்க்காரும் முயன்று பார்த்தனர். ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்ற பொறியியல் அறிஞரின் முயற்சியால் 1906-ஆம் ஆண்டில் சேலத்தில் ஒரு நெசவாலை தொடங்கப்பெற்றது. விசை நாடாவைப் பழக்குவதே அதன் நோக்கம். நெசவாளர் பலர் ஆலைக்கு வந்து மணியடித்தால் வேலை, மணியடித்தால் ஓய்வு என்றிருக்க விரும்பவில்லை. வீட்டில் மனைவி தார் சுற்ற, பிள்ளைகள் உதவ, குடும்பமாக நெய்து பழகியவர்கள் அவர்கள். 1910-ஆம் ஆண்டில், சர்க்கார் தொழில் நடத்துதல் ஆகாது என்று லண்டனிலிருந்து இந்திய மந்திரி மார்லி பிரபு உத்தரவிட்டார். ஆலையும் நின்றது. ஆனால் நாடா நிற்கவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்று, 1940-களுக்குள் சென்னை மாகாணத்துத் தறிகளில் பெரும்பாலானவை விசை நாடாவுக்கு மாறிவிட்டன.

தியாகராயரின் நூறு தறிகள் இந்த மாற்றத்தின் தொடக்க காலத்தைச் சேர்ந்தவை. தனி முதலாளியின் தறிக்கூடத்தில் முதல் அவருடையது; இலாபமும் அவருடையது; கூலி தொழிலாளியினுடையது. கூட்டுறவுச் சங்கம் இதனை மாற்ற வந்தது. நூலைச் சங்கம் வாங்கித் தரும். துணியைச் சங்கம் விற்றுத் தரும். மிஞ்சுவது அங்கத்தினர்க்குச் சேரும். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய மாகாண நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், கோ-ஆப்டெக்ஸ் என்ற பெயரில் இன்றளவும் நம் துணியை விற்று வருகிறது. நல்ல கருவியைக் காட்டுவதற்கு ஒரு தொழிலதிபர் போதும். அக்கருவியின் பயனைக் காப்பதற்குச் சங்கம் வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன என்று கொள்ளுவதே நேர்மையாகும்.

நகர மன்றத்தில் நாற்பது ஆண்டுகள்

சென்னை மாநகராட்சி இந்தியாவிலேயே பழமையானது. 1687-ஆம் ஆண்டில் அளிக்கப்பெற்ற சாசனத்தின்படி 1688-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் அது தொடங்கியது. ஒரு மேயரும் பன்னிரண்டு ஆல்டர்மென்களும் அதில் இருந்தனர். நதானியல் ஹிக்கின்சன் என்பவர் முதல் மேயர். காலப்போக்கில் அப்பதவி மறைந்து, சர்க்காரால் நியமிக்கப்பட்ட அதிகாரியே நகராட்சியின் தலைவராக இருக்கும் முறை வந்தது. வரி செலுத்துவோர் மக்கள். தலைமை வகிப்பவரோ அதிகாரி.

இத்தகைய மன்றத்தில் 1882-ஆம் ஆண்டில் தியாகராயர் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது முப்பது. அதன்பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அம்மன்றத்தோடு தொடர்பு கொண்டிருந்தார். இந்த நாற்பது ஆண்டுகளைப் பலரும் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். ஆயின் நகராட்சி வேலை என்பது என்ன? சாக்கடை, குடிநீர், குப்பை, தெருவிளக்கு, அம்மை நோய், ஆரம்பப் பள்ளி. இவற்றுள் எதிலும் பெருமுழக்கம் இல்லை. கணக்கும் பொறுமையும் உண்டு. ஓராண்டு வரவு செலவுத் திட்டத்தைப் படித்துப் புரிந்துகொள்ளாத உறுப்பினர் நாற்பது ஆண்டுகள் இருந்தாலும் பயனில்லை. தறிக்கூடத்தில் நூல் இருப்பையும் துணி இருப்பையும் ஒத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நகராட்சிக் கணக்கு அந்நியமாக இருந்திராது.

1919-ஆம் ஆண்டுச் சென்னை நகராட்சிச் சட்டம் நிலைமையை மாற்றியது. மன்றத்தின் தலைவரை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் தியாகராயர். அப்போது அப்பதவிக்குப் பெயர் பிரசிடெண்டு என்பது. மேயர் என்ற பழைய பெயர் 1933-ஆம் ஆண்டில் மீண்டும் வந்தது. செட்டிநாட்டு முத்தையா செட்டியார் அப்பெயரோடு முதலில் அமர்ந்தார். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே. ஆகவே தியாகராயரைச் சென்னையின் மக்கள் தேர்ந்த முதல் மேயர் என்று மக்கள் கூறுவதில் பிழையில்லை.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தலைப்பாகை இவையே அவரது உடை. வெள்ளுடை வேந்தர் என்று மக்கள் அவரை அழைத்தனர். துணியால் பிழைத்த ஊருக்குத் துணியால் பெயர் பெற்ற தலைவர் வாய்த்தார்.

ஓரணாவின் வரலாறு

அவர் தலைமை வகித்த காலத்தில் நிறைவேறிய தீர்மானங்களுள் ஒன்று இன்றும் நாடு முழுவதும் நினைக்கப்படுகிறது. 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் நகர மன்றம் ஒரு தீர்மானம் செய்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகராட்சிப் பள்ளிக் குழந்தைகளுக்கு நண்பகலில் சிற்றுண்டி அளிப்பது. அதற்குக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடுவது என்பதே தீர்மானம்.

ஓரணா என்பது ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. நூறு குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு ஆறேகால் ரூபாய். ஆண்டில் இருநூறு நாள் பள்ளி நடந்தால் ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய். சிறிய தொகையன்று, நகராட்சிக்குத் தாங்காத தொகையுமன்று. தீர்மானத்தில் உச்ச வரம்பை முன்னரே எழுதி வைத்ததை நோக்குக. இரக்கத்தால் தொடங்கிக் கணக்கில்லாமல் கைவிடப்பட்ட நற்காரியங்கள் எத்தனையோ உண்டு. இதனைத் தொடங்கியோர் செலவு எவ்வளவு என்பதை முதலில் தீர்மானித்துவிட்டே தொடங்கினர்.

பசித்த குழந்தை பள்ளிக்கு வாராது. வந்தாலும் பாடம் ஏறாது. அந்நாளில் ஏழைக் குடும்பங்களில் பிள்ளைகள் வேலைக்குச் சென்றனர். நம் நெசவாளர் வீடுகளிலேயே தார் சுற்றும் வேலை பிள்ளைகளின் வேலையாக இருந்தது. பள்ளிக்கு அனுப்பினால் வீட்டில் ஒரு கை குறையும். அந்தக் குறையை ஓரளவேனும் ஈடு செய்தால்தான் தாய் தந்தையர் பிள்ளையை அனுப்புவர். இதனை மன்றம் உணர்ந்தது.

பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்குத் திட்டம் விரிந்தது. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23-இல் மொத்தம் 811 மாணவர் இருந்தனர். 1924-25-இல் 1,671 மாணவர் ஆயினர். இரண்டே ஆண்டுகளில் எண்ணிக்கை இருமடங்குக்கும் மேல். இதைவிடச் சிறந்த தணிக்கைச் சான்று வேறென்ன வேண்டும்?

ஆயினும் திட்டம் தடைப்பட்டது. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சிற்றுண்டிக்குச் செலவு செய்ய அன்றைய சர்க்கார் அனுமதிக்கவில்லை. 1925-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சிற்றுண்டி நின்றது. கல்வி நிதி கல்விக்கே, உணவுக்கன்று என்பது அதிகாரிகளின் வாதம். உணவு கொடுத்ததால் குழந்தைகள் இருமடங்காக வந்தனர் என்ற கணக்கு அவர்கள் கண்ணுக்குப் படவில்லை போலும். விதியின் எழுத்தைக் காத்து அதன் நோக்கத்தை இழக்கும் இந்நிலை அன்றோடு ஒழிந்துவிடவில்லை. ஆய்வு வேலையில் இருப்போர் யாவரும் இதனை நெஞ்சில் வைத்தல் நலம். 1927-ஆம் ஆண்டில் நகராட்சி திட்டத்தை மீண்டும் தொடங்கி, இருபத்தைந்து பள்ளிகளில் ஆயிரம் ஏழை மாணவர்களுக்கு உணவளித்தது.

அதன்பின் வந்த வரலாறு யாவரும் அறிந்ததே. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டில் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிற்கும் விரிந்த காலை உணவு என்று அந்த ஓரணா வளர்ந்து வந்திருக்கிறது. பள்ளிக் குழந்தைகளின் இலவசச் சீருடைத் துணியை நம் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தருகின்றன. உழவர் விளைத்த நெல் குழந்தையின் தட்டில் ஏறுகிறது. நெசவாளர் நெய்த துணி அதன் தோளில் ஏறுகிறது. பள்ளிக்கூடம் நம் இரு சாராருக்கும் வாடிக்கையாளர் ஆகிவிட்டது.

மறுத்த பதவி

1916-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் கூடிய தலைவர்களுள் தியாகராயர் முதன்மையானவர். அவரும் டாக்டர் டி. எம். நாயரும் நகர மன்றத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து வழக்காடியவர்கள். டாக்டர் சி. நடேச முதலியார் முயற்சியால் இருவரும் ஒன்றுபட்டனர். தென்னிந்திய நல உரிமைச் சங்கம் இவ்வாறு தோன்றியது. 1917-இல் அச்சங்கத்தார் நடத்தத் தொடங்கிய ஜஸ்டிஸ் என்ற ஆங்கில ஏட்டின் பெயரால் அது நீதிக்கட்சி எனப்பட்டது. பிராமணரல்லாதார்க்குக் கல்வியிலும் உத்தியோகத்திலும் உரிய பங்கு வேண்டுமென்பது அதன் கோரிக்கை. தியாகராயர் அதற்கு முன் காங்கிரசில் இருந்தவர்.

1920-ஆம் ஆண்டுத் தேர்தலில் நீதிக்கட்சி வென்றது. சட்டசபையில் தேர்தலுக்குரிய 98 இடங்களில் 63 இடங்கள் அதற்குக் கிடைத்தன. கவர்னர் வில்லிங்டன் பிரபு கட்சித் தலைவராகிய தியாகராயரை மந்திரிசபை அமைக்க அழைத்தார். அவர் முதல் மந்திரி பதவியை ஏற்கவில்லை. ஏ. சுப்பராயலு ரெட்டியார் 1920-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் அப்பதவியில் அமர்ந்தார். உடல்நலக் குறைவால் அவர் விலகியபின் 1921-இல் பனகல் அரசர் முதல் மந்திரியானார். தியாகராயர் கட்சியின் தலைவராகவும் நகர மன்றத்தின் தலைவராகவும் இருப்பதோடு நின்றார்.

இரட்டையாட்சியில் கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம், விவசாயம், கூட்டுறவு முதலிய துறைகள் இந்திய மந்திரிகளிடம் விடப்பட்டிருந்தன. அவற்றின் மேல் அதிகாரம் செலுத்தும் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதனை நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, சாக்கடையும் பள்ளிக்கூடமும் பேசும் மன்றத்தில் ஒருவர் அமர்ந்திருந்தார் என்றால் அது சிறு செய்தியன்று. கட்சியை நடத்துபவர் பதவியைத் தேடுபவராக இருத்தலாகாது என்ற கருத்தே அதற்குக் காரணம் என்பர்.

நம் சங்கங்களில் நிகழ்வதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். நிர்வாகக் குழுத் தேர்தல் வந்தால் தலைவர் பதவிக்கு நால்வர் போட்டியிடுவர். ஆனால் மாதந்தோறும் நூல் இருப்பைச் சரிபார்க்கும் துணைக் குழுவுக்கு ஆள் கிடைப்பதில்லை. ஆய்வுக்குச் சென்ற பல இடங்களில் இதனைக் கண்டிருக்கிறேன். எந்த நாற்காலி உயர்ந்தது என்று பார்ப்பவரைவிட, எந்த வேலை தமக்குத் தெரியும் என்று பார்ப்பவரே சங்கத்திற்கு வேண்டியவர்.

குறையும் கூறுவோம்

பெரியோரைப் போற்றும்போது குறைகளை மறைப்பது வழக்கமாகிவிட்டது. அது வரலாறாகாது. 1921-ஆம் ஆண்டில் பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்தது. ஆதி திராவிடத் தொழிலாளர்களுள் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். மற்றையோர் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் இரு சாராருக்கும் கலகம் மூண்டு, குடிசைகள் எரிந்தன. போலீசார் துப்பாக்கியால் சுட்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவ்வேளையில், சர்க்காரின் தொழிலாளர் துறை ஆதி திராவிடர்களுக்கு அளவுகடந்து இடங்கொடுத்ததே கலகத்திற்குக் காரணம் என்று ஜஸ்டிஸ் ஏடு குற்றஞ்சாட்டியது. எல்லாரினும் ஏழைகளாக இருந்தவர்கள் வீடிழந்து நின்றபோது கட்சியின் ஏடு அவர்கள்மேல் பழியைத் திருப்பியது. எம். சி. ராஜா போன்ற ஆதி திராவிடத் தலைவர்களின் மனம் முறிந்தது. 1923-இல் அவர் கட்சியை விட்டு விலகினார்.

தியாகராயர் அப்போது கட்சித் தலைவர். நகரின் தலைவரும் ஆவார். ஆகவே அவ்வரலாற்றில் அவருக்குள்ள பொறுப்பை நீக்க இயலாது. குழந்தையின் பசியைக் கண்ட மன்றத்தின் தலைவர், புளியந்தோப்புக் குடிசைவாசியின் துயரில் அதே தெளிவைக் காட்டியிருந்தால் வடசென்னையின் வரலாறே வேறாக இருந்திருக்கும். ஓர் அமைப்பு எல்லாருடைய பெயராலும் பேசி, அங்கத்தினருள் வலியவர்களின் நலனை மட்டும் காக்குமாயின் அதன் அடித்தளம் விரிந்துபோகும். இது கட்சிக்கும் பொருந்தும். கூட்டுறவுச் சங்கத்திற்கும் பொருந்தும். இரண்டு தறி வைத்திருப்பவருக்கும், தறியே இல்லாமல் கூலிக்கு நெய்பவருக்கும் ஒரே வாக்கு என்பதே நம் சட்டத்தின் உயிர். 2022-ஆம் ஆண்டில் வடசென்னையைச் சேர்ந்த ஆர். பிரியா, பட்டியல் சமூகத்திலிருந்து சென்னையின் மேயரான முதற்பெண்ணாகப் பதவியேற்றார். புளியந்தோப்புக் கலகத்திற்கு நூறாண்டுகள் கழித்து நகரம் வந்து சேர்ந்த இடம் இது.

நினைவுகள்

1925-ஆம் ஆண்டில், தம் எழுபத்து மூன்றாம் வயதில் தியாகராயர் மறைந்தார். ரிப்பன் மாளிகையின் முன் அவரது சிலை நிற்கிறது. அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1950-இல் பழைய வண்ணாரப்பேட்டையில் தோன்றி, துறைமுகத் தொழிலாளர், மீனவர், ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பட்டத்தை எட்டும் தூரத்தில் வைத்தது.

நகரின் தென்மேற்கில், நீண்ட ஏரி ஒன்றின் நீரை வடித்து 1920-களில் அமைத்த புதுக்குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று பெயரிட்டனர். ஏரி போனதே என்று உழவர் பெருமக்கள் வருந்துவது நியாயமே. பெருமழையின்போது அப்பகுதித் தெருக்களில் நீர் தேங்குவதைக் காணும் நகரத்தாரும் இன்று அவ்வாறே வருந்துகின்றனர். அந்நகரே இப்போது தமிழ்நாட்டின் பெருந்துணிக்கடை வீதியாக விளங்குகிறது. காஞ்சிபுரத்துப் பட்டும் ஆரணிப் பட்டும் ஒரு தறிக்கூட முதலாளியின் பெயர் தாங்கிய நகரில் விலையாகின்றன. ஆனால் அங்கே வாங்குபவர் கொடுக்கும் விலையில் நெய்தவர் கைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்ற கேள்வி, தியாகராயர் காலத்தில் இருந்தபடியே இன்றும் இருக்கிறது. அதற்கு விடை தேடும் பொறுப்பு நம் சங்கங்களுடையது.

அங்கத்தினர்கள் அடுத்த பொதுக்குழுவுக்குச் செல்லும்போது ஒன்று செய்க. நிர்வாகக் குழுவில் அமர விரும்புவோரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இருப்புக் கணக்கை எத்தனை முறை கையால் எடுத்துப் பார்த்தீர்கள்? நீங்கள் முன்மொழியும் நற்காரியத்திற்கு நாளொன்றுக்கு எத்தனை ரூபாய் ஆகும்? அதன் பயன், சங்கத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அங்கத்தினருக்கு எவ்வாறு போய்ச் சேரும்? முதலிரண்டுக்கும் தியாகராயரின் வாழ்க்கையில் விடை உண்டு. மூன்றாவது கேள்விக்கு அவர் காலம் பாதி விடையே சொல்லிச் சென்றது. மீதியை நாம் சொல்ல வேண்டும்.